வளவைச் சுற்றும் பாதையும் சமக்குறியும்: ஹோமோடோப்பி வகைக் கோட்பாட்டுக்கு ஓர் அறிமுகம்

இரண்டு பொருள்கள் சமமா என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் பள்ளிக் கணக்கில் உண்டு. ‘எத்தனை விதமாகச் சமம்?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கலாம், கேட்டால் பொருளுள்ள பதில் வரும், அந்தப் பதிலைத் தருவது இடவியல் என்பதுதான் ஹோமோடோப்பி வகைக் கோட்பாட்டின் அடிப்படை.

இதை அறிமுகம் செய்யும் எழுத்துகள் பெரும்பாலும் முதலிலேயே ஓர் அட்டவணையை நீட்டிவிடுகின்றன: வகை என்றால் வெளி, உறுப்பு என்றால் புள்ளி, சமம் என்றால் பாதை. அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டவருக்கும் ஏன் அப்படி என்பது விளங்குவதில்லை. ஒரு விதியையும் ஒரு வடிவத்தையும் அடிவரை புரிந்துகொள்வது அதைவிடப் பயன் தரும். விதி, ஜே விதி. வடிவம், வட்டம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எம்.எஸ்ஸி. கணிதம் படிப்பவர், இடவியல் தாளில் தொடர்ச்சியான சார்பு என்ன என்பது வரை வந்திருந்தால் போதும்.

வகை என்பது என்ன

கணங்களைத் தடையின்றி உருவாக்கிக்கொண்டே போனால் முரண்பாட்டில் முட்டுவோம் என்பதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1901இல் கண்டார். அதிலிருந்து மீள 1908இல் அவர் வெளியிட்டதுதான் வகைகளைப் பற்றிய முதல் முழுமையான திட்டம். இன்று நாம் பேசும் வடிவம் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் மார்ட்டின்-லோஃப் 1970களில் அமைத்தது.

கணக் கோட்பாட்டில் எந்த இரண்டு பொருளை எடுத்தும் ‘இது அதன் உறுப்பா?’ என்று கேட்கலாம். 3 என்பது 5இன் உறுப்பா என்று கேட்பதும் அங்கே இலக்கணப் பிழை இல்லை. வகைக் கோட்பாட்டில் ஒவ்வொரு பொருளும் தன் வகையோடுதான் பிறக்கிறது. ‘க : வ’ என்று எழுதினால், க என்பது வ என்ற வகையின் உறுப்பு. வகை தெரியாத க ஒன்று தனியாக இருக்க முடியாது.

ஒரு வகை இன்னொரு வகையின் உறுப்பைப் பொறுத்து மாறலாம். நகரத்தாருக்குரிய நகரக் கோயில்கள் ஒன்பது. ‘நகரக் கோயில்’ ஒன்பது உறுப்புள்ள ஒரு வகை. இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் உட்பிரிவுகள் உண்டு, வேறு சில கோயில்களுக்கு இல்லை. ஆகவே ‘இந்தக் கோயிலின் பிரிவுகள்’ என்ற வகை எந்தக் கோயிலைச் சொல்கிறோமோ அதற்கேற்ப மாறும். இதைச் சார்பு வகை என்று கொள்வோம்; இங்கே சார்பு என்றால் சார்ந்திருப்பது, ‘தொடர்ச்சியான சார்பு’ என்பதில் உள்ள பொருள் அல்ல. பின்னால் வட்டத்தின்மேல் ஒரு சார்பு வகையைக் கட்டப்போகிறோம். அந்த இடத்தில் இது கைகொடுக்கும்.

கூற்றுகளும் வகைகளே. ஒரு கூற்றின் நிரூபணம் அந்த வகையின் உறுப்பு. வில்லியம் ஹோவர்ட் 1969இல் கைப்பிரதியாகச் சுற்றுக்கு விட்ட இந்த எண்ணத்தின்படி, ஒரு கூற்றை நிரூபிப்பதும் ஒரு நிரலை எழுதுவதும் ஒரே வேலை. அப்படியானால் ‘க = ச’ என்ற கூற்றும் ஒரு வகையாகத்தான் இருக்க வேண்டும். அதன் உறுப்புகள் க, ச இரண்டும் சமம் என்பதற்கான சான்றுகள். இங்கேதான் கதவு திறக்கிறது. ப, ம என்று இரண்டு சான்றுகள் இருந்தால் ‘ப = ம’ என்பதும் ஒரு வகை. அதன் உறுப்புகளுக்கு இடையே மறுபடியும் சமம் கேட்கலாம். இந்த அடுக்கு எங்கும் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜே விதி

சமத்தை உண்டாக்க மார்ட்டின்-லோஃப் தந்த வழி ஒன்றே ஒன்று: எந்த க-வும் தனக்குத்தானே சமம். இந்தச் சான்றின் பெயர் ரெஃப்ல். சமத்தைப் பயன்படுத்தும் வழியும் ஒன்றுதான். அதுவே ஜே விதி. க, ச என்ற எந்த இரு உறுப்புக்கும் ப : க = ச என்ற எந்தச் சான்றுக்கும் பொருந்தும்படி ஒன்றை நிரூபிக்க வேண்டுமா? ச-வின் இடத்தில் க-வையும் ப-வின் இடத்தில் ரெஃப்லையும் வைத்து நிரூபித்தால் போதும்.

செய்துபார்ப்போம். க = ச என்பதிலிருந்து ச = க வர வேண்டும். ஜே விதியின்படி ச-வை க ஆக்கினால், நிரூபிக்க வேண்டியது க = க. அதற்கு ரெஃப்ல் இருக்கிறது, முடிந்தது. அடுத்து க = ச, ச = ட இரண்டிலிருந்தும் க = ட. இரண்டாவது சான்றின்மேல் ஜே விதியைப் போட்டால் ட மறைந்து ச ஆகிறது; நிரூபிக்க வேண்டியது க = ச, அது ஏற்கெனவே கையில் உள்ளது. இப்படிச் சான்றுகளைத் திருப்பவும் தொடுக்கவும் முடிகிறது.

ரெஃப்ல் ஒன்றைத்தானே உள்ளே விட்டோம், அப்படியென்றால் ‘க = க’ என்பதன் எல்லாச் சான்றும் ரெஃப்லுக்குச் சமமாக இருக்க வேண்டாமா? பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். மார்ட்டின் ஹோஃப்மானும் தாமஸ் ஸ்ட்ரைஷரும் 1994இல் இதற்கு இல்லை என்று விடை தந்தார்கள். வகைகளுக்கு அவர்கள் தந்த ஒரு மாதிரியில் விதிகள் எல்லாம் பொருந்தின, ஆனால் ‘க = க’ வகைக்கு வெவ்வேறான பல உறுப்புகள் இருந்தன.

வளவு

இதைக் கண்ணால் பார்க்கக் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உள்ள ஒரு நகரத்தார் வீட்டின் தரைப்படம் போதும். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். பத்தியில் மட்டும்தான் நடக்கலாம், முற்றத்தில் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். இடவியலின் கண்ணில் இது நடுவில் துளை விழுந்த ஒரு தரை. தூண்கள் முற்றத்தின் விளிம்போடு ஒட்டி நிற்பதாகக் கொள்கிறோம். தூணுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஆள் நுழைய இடம் இருந்தால் ஒவ்வொரு தூணும் தனித் துளையாகிவிடும், கணக்கு மாறிவிடும். ஒற்றைக் கதவுள்ள அறை எதையும் மாற்றாது. பத்தியை நோக்கி இரண்டு கதவு உள்ள அறை ஒரு புதிய துளையைச் சேர்க்கும், ஏனெனில் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளிவந்து, இடையில் உள்ள சுவரைச் சுற்றிவர முடியும்.

பாதை என்பது 0 முதல் 1 வரையிலான நேரத்தை வீட்டின் புள்ளிகளுக்கு அனுப்பும் ஒரு தொடர்ச்சியான சார்பு. நின்ற இடத்திலேயே நிற்பது ஒரு பாதை, அது ரெஃப்ல். வந்த வழியே திரும்புவது, ச = க. ஒரு பாதை முடிந்த இடத்தில் இன்னொன்றைத் தொடங்குவது, தொடுத்தல்.

மேம்போக்கான ஒப்புமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு நுணுக்கம் அதைக் காட்டும். மூன்று பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கிறோம். முதல் இரண்டை முதலில் தொடுத்துப் பிறகு மூன்றாவதைச் சேர்த்தால், முதல் பாதைக்குக் கிடைக்கும் நேரம் கால் பங்கு, இரண்டாவதற்குக் கால், மூன்றாவதற்கு அரை. பின் இரண்டை முதலில் தொடுத்தால் முறையே அரை, கால், கால். நடந்த வழி ஒன்றுதான், ஆனால் சார்புகள் வேறு. ஒன்றை மற்றதாகத் தொடர்ச்சியாக உருமாற்ற முடியும்; அந்த உருமாற்றத்துக்குத்தான் ஹோமோடோப்பி என்று பெயர். வகைக் கோட்பாட்டிலும் இதே நிலைதான். சான்றுகளை இந்த வரிசையில் தொடுத்தாலும் அந்த வரிசையில் தொடுத்தாலும் ஒன்றே என்பது கணிப்பில் தானாக வருவதில்லை. ஜே விதியால் நிரூபிக்க வேண்டும், நிரூபணமாகக் கிடைப்பது சான்றுகளுக்கு இடையிலான ஒரு சான்று. இரண்டு துறைகளும் தனித்தனியே வளர்ந்து இதே சட்டத்தில் வந்து நின்றிருக்கின்றன. ஸ்டீவ் அவோடியும் மைக்கேல் வாரனும் ஒரு பக்கம், விளாதிமிர் வோயவோட்ஸ்கி இன்னொரு பக்கம், 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத் துல்லியமாக்கினார்கள்.

இப்போது நிலைவாசல் அருகே நின்று, முற்றத்தை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வருவோம். இந்தச் சுற்றை எப்படி இழுத்து நெளித்தாலும், முற்றத்தில் இறங்காமல் நின்ற இடத்தில் நிற்கும் பாதையாகச் சுருக்க முடியாது. வலச்சுற்றுக்கு +1, இடச்சுற்றுக்கு −1 என்று எண்ணினால், ஒவ்வொரு சுற்றுப் பாதைக்கும் ஒரு முழு எண் கிடைக்கும். ஒரே எண் உள்ள இரு பாதைகளை ஒன்றையொன்றாக உருமாற்றலாம், வேறாக உள்ளவற்றை முடியாது. ஹென்றி புவான்கரே 1895இல் அறிமுகப்படுத்திய அடிப்படைக் குலம் இதுதான். இரண்டாங்கட்டிலும் ஒரு முற்றம் இருந்தால் நிலைமை இன்னும் சுவையாகிறது. முதல் முற்றத்தைச் சுற்றிவிட்டு இரண்டாவதைச் சுற்றுவதும், இரண்டாவதைச் சுற்றிவிட்டு முதலாவதைச் சுற்றுவதும் உருமாற்றத்தாலும் ஒன்றாவதில்லை. அங்கே வரிசை முக்கியம், வெறும் எண்ணிக்கை போதாது.

வழுக்கும் இடம்

தொடக்கநிலையில் அநேகமாக எல்லாருக்கும் வரும் பிழை ஒன்று உண்டு. ‘ஜே விதி ரெஃப்லை மட்டும் பார்த்தால் போதும் என்கிறதே, ஆகவே ப : க = க என்ற எந்தச் சான்றும் ரெஃப்லுக்குச் சமம்’ என்ற வாதம். கணினியில் எழுதினால் நிரூபணத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் இதை ஏற்காது. காரணம், ஜே விதிக்கு ஒரு முனையாவது கட்டில்லாமல் இருக்க வேண்டும். ‘க = க’ என்பதில் இரு முனையும் க-வில் அறையப்பட்டுள்ளன. சரி, ஒரு முனையை விடுவித்து ‘எந்த ச-வுக்கும், ப : க = ச என்ற எதற்கும், ப = ரெஃப்ல்’ என்று எழுதிப்பார்த்தால்? அது வாக்கியமாகவே நிற்காது. ப-வின் வகை க = ச, ரெஃப்லின் வகை க = க. வகை வேறான இரண்டுக்கு நடுவே சமக்குறி போட முடியாது.

ஜே விதி உண்மையில் தருவது இதுதான்: முனையையும் பாதையையும் சேர்த்து (ச, ப) என்ற இணையாகப் பார்த்தால், அது (க, ரெஃப்ல்) என்ற இணைக்குச் சமம். நிலைவாசலில் தொடங்கி எங்கும் முடியலாம் என்று விட்டுவிட்டால், எந்தப் பாதையையும் அதன் கடைசி முனையிலிருந்து பின்னுக்கு இழுத்துத் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிடலாம். முற்றத்தைச் சுற்றிய பாதையும் அப்படியே பின்வாங்கும். கடைசி முனையும் நிலைவாசலிலேயே இருக்க வேண்டும் என்று கட்டிப்போட்டால் அந்தப் பின்வாங்கல் நடக்காது. இந்த ஒரு பத்தியை உள்வாங்கினால் பாதி வழி வந்தாயிற்று.

யூனிவேலன்ஸ்

உறுப்புகளுக்கு இடையே சமம் கேட்டோம். வகைகளுக்கு இடையே கேட்டால்? மெய், பொய் என்ற இரண்டு உறுப்புள்ள வகையை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து அதற்கே இருவழியும் பொருந்தும் மாற்றங்கள் இரண்டு: எதையும் மாற்றாமல் விடுவது, மெய்யையும் பொய்யையும் இடம் மாற்றுவது. இத்தகைய மாற்றத்தைச் சமானம் என்போம். வோயவோட்ஸ்கியின் யூனிவேலன்ஸ் அடிகோள் சொல்வது: இரண்டு வகைகளுக்கு இடையிலான சமங்களும் அவற்றுக்கு இடையிலான சமானங்களும் ஒன்றுக்கொன்று சமானம். ஆகவே மெய்-பொய் வகை தனக்குத்தானே இரண்டு விதமாகச் சமம். நகரக் கோயில்கள் என்ற வகையும் 1 முதல் 9 வரையிலான எண்கள் என்ற வகையும் 3,62,880 விதமாகச் சமம், ஏனெனில் ஒன்பதை ஒன்பதோடு அத்தனை விதமாக இணைக்கலாம். எந்தச் சமத்தைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லாமல் ‘சமம்’ என்று மட்டும் சொன்னால் பிள்ளையார்பட்டி எந்த எண்ணுக்குப் போகிறது என்று தெரியாது. சான்றைத் தூக்கி எறியாமல் கையில் வைத்திருக்க வேண்டியதன் காரணம் இங்கே பளிச்சென்று தெரிகிறது.

இதனால் நடைமுறையில் கிடைப்பதும் பெரிது. இயல் எண்களை ஒன்று ஒன்றாகக் கூட்டும் வடிவில் எழுதினால் நிரூபிக்க எளிது, கணக்கிட மெதுவு. இரும எண்களாக எழுதினால் கணக்கு வேகம், நிரூபணம் சிக்கல். இரண்டும் சமானம் என்று ஒருமுறை காட்டிவிட்டால் யூனிவேலன்ஸ் அதைச் சமமாக்கும். ஒரு பக்கம் நிரூபித்ததை மறுபக்கம் எடுத்துச்செல்லலாம்.

வட்டத்தைக் கட்டி, துளையை நிரூபிப்பது

வட்டத்தை வகைக் கோட்பாட்டில் வரைய வேண்டியதில்லை. அதை உண்டாக்கும் இரண்டு பொருளைச் சொன்னால் போதும். ‘அடி’ என்ற ஒரு புள்ளி, ‘சுற்று’ : அடி = அடி என்ற ஒரு பாதை. வட்டத்திலிருந்து வேறொரு வகைக்குச் சார்பு வேண்டுமா? அடி போய்ச் சேரும் புள்ளியையும், அந்தப் புள்ளியிலிருந்து அதற்கே திரும்பும் ஒரு பாதையையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுற்று, ரெஃப்லுக்குச் சமம் இல்லை என்று எப்படிக் காட்டுவது? வட்டத்தின்மேல் ஒரு சார்பு வகையைக் கட்டுகிறோம். அடிக்கு நேரே முழு எண்களின் வகை. சுற்றுக்கு நேரே முழு எண்கள் வகைக்கும் அதற்கே நடுவிலான ஒரு சமம் வேண்டும். ‘1 கூட்டு’ என்பது முழு எண்களில் ஒரு சமானம், ஏனெனில் 1 கழித்துத் திரும்பிவிடலாம். யூனிவேலன்ஸ் அதைச் சமமாக்கித் தருகிறது. க = ச என்ற சான்று இருந்தால், க-வுக்கு நேரான வகையின் உறுப்பை ச-வுக்கு நேரான வகைக்குக் கொண்டுபோகலாம்; இதுதான் எடுத்துச்செல்லல். இப்போது 0 என்ற எண்ணைச் சுற்றின் வழியே எடுத்துச்சென்றால் 1 வருகிறது. ரெஃப்லின் வழியே எடுத்துச்சென்றால் 0 அப்படியே இருக்கிறது. சுற்றும் ரெஃப்லும் சமம் என்றால் 0 = 1 ஆகிவிடும். ஆகவே சமம் இல்லை.

முழு எண்களுக்குப் பதில் இயல் எண்களைப் போட்டால் கட்டுமானம் உடைந்துவிடும்: 0க்கு முன் எந்த எண்ணும் இல்லை, ‘1 கூட்டு’ சமானம் ஆகாது, யூனிவேலன்ஸுக்குக் கொடுக்கவே முடியாது. மெய்-பொய் வகையையும் இடம்மாற்றலையும் போட்டால் வேலை பாதிதான் நடக்கும். சுற்று ரெஃப்ல் அல்ல என்று தெரியும், ஆனால் இருமுறை சுற்றினால் மெய் மெய்யாகவே திரும்பிவிடும். இரட்டைச் சுற்றை ரெஃப்லிலிருந்து பிரித்தறிய அதற்குத் திறன் இல்லை. யூனிவேலன்ஸ் இல்லாவிட்டால் இந்த நிரூபணத்துக்கே வழியில்லை; எல்லாச் சமச் சான்றுகளும் ஒன்றே எனக் கொள்ளும் மாதிரிகளில் சுற்று ரெஃப்லாகவே சுருங்கிவிடும். எல்லாச் சுற்றுப் பாதைகளும் ‘சுற்று’ என்பதன் மடங்குகளே, அவற்றின் குலம் முழு எண்களே என்ற முழு முடிவையும் டேன் லிகாட்டாவும் மைக்கேல் ஷுல்மனும் 2013இல் இந்த வழியில் கணினி சரிபார்க்கும் நிரூபணமாகத் தந்தார்கள்.

கணிதத்தின் அடித்தளத்துக்கு இது ஏன்

வோயவோட்ஸ்கி 2002இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். காப்ரானோவோடு அவர் சேர்ந்து எழுதி 1991இல் வெளியான ஒரு கட்டுரையின் முடிவுக்கு எதிரான வாதத்தை 1998இல் கார்லோஸ் சிம்ப்சன் முன்வைத்தார். பிழை தம்முடையதுதான் என்பது வோயவோட்ஸ்கிக்கு 2013இல்தான் உறுதியானது. உயர் பரிமாணச் சமங்கள் நிறைந்த கணிதத்தில் மனிதக் கண் தவறவிடுவதைக் கணினி பிடிக்க வேண்டும், அதற்கு ஏற்ற அடித்தளம் வேண்டும் என்ற தேவை அவருக்கு அனுபவத்தில் வந்தது. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்தில் 2012–13 கல்வியாண்டு முழுவதும் இதற்கென்றே நடந்த கூடுகையில்தான் இந்தத் துறை உருப்பெற்றது. அவர் 2017இல் காலமானார்.

யூனிவேலன்ஸை வெறும் அடிகோளாகச் சேர்ப்பதில் ஒரு குறை இருந்தது. விதி ஏதுமில்லாமல் ஓர் உறுப்பை ‘இருக்கிறது’ என்று அறிவித்தால் கணிப்பு அங்கே போய் முட்டி நின்றுவிடும். இயல் எண் வகையில் ஓர் உறுப்பு கிடைக்கும், அது எந்த எண் என்று ஓட்டிப்பார்த்தால் விடை வராது. சிரில் கோஹன், தியரி கோக்வாண்ட், சைமன் ஹூபர், ஆண்டர்ஸ் மோர்ட்பெர்க் நால்வரும் அமைத்த கனசதுர வகைக் கோட்பாடு பாதையை 0 முதல் 1 வரையிலான இடைவெளியிலிருந்து வரும் சார்பாகவே வைத்து, யூனிவேலன்ஸைக் கணிக்கக்கூடிய தேற்றமாக்கியது. இதன் சோதனைக்கல்லாக ஆனது கியோம் ப்ரூனெரியின் எண். 2016இல் முடித்த ஆய்வேட்டில் அவர் 3-பரிமாணக் கோளத்தின் நான்காவது ஹோமோடோப்பிக் குலம் ஏதோ ஒரு எண்ணால் தீர்மானிக்கப்படுகிறது என்று காட்டி, அந்த எண் 2 என்பதைத் தனியாக நிரூபித்தார். அந்த எண்ணின் வரையறையைக் கணினியில் அப்படியே ஓட்டினால் முடிவு வரவில்லை. ஆக்செல் யுங்ஸ்ட்ரோமும் மோர்ட்பெர்கும் வரையறையை எளிமையாக்கிய பிறகு 2022இல் சில நொடிகளில் −2 என்று விடை வந்தது. குறி பொருட்டல்ல, குலம் ஒன்றுதான்.

கையால் செய்துபார்க்க

நிரூபணங்களைச் சரிபார்க்கும் அக்டா மென்பொருளில் தொடங்குவது நல்லது. கோப்பின் முதல் வரியில் ‘வித்தவுட்-கே’ என்ற விருப்பத்தை இட வேண்டும். இடாவிட்டால் அக்டாவின் வடிவப் பொருத்த முறை ‘க = க’ சான்றுகள் அனைத்தும் ரெஃப்லே என்று நிரூபிக்க விட்டுவிடும்; யூனிவேலன்ஸோடு அது நேர் முரண். மெய்-பொய் வகைக்கு இரண்டு சமங்கள் இருப்பதே போதும் அந்த முரணைக் காட்ட. முதலில் சமத்தின் வகையை நாமே வரையறுத்து, திருப்பல், தொடுத்தல், தொடுத்தலின் சேர்ப்பு விதி, எடுத்துச்செல்லல் ஆகியவற்றை எழுத வேண்டும். பிறகு மேலே சொன்ன தவறான வாதத்தை, விருப்பத்தோடும் இல்லாமலும் எழுதிப்பார்த்துப் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். அதைப் படிக்காமல் வட்டத்துக்குத் தாவ வேண்டாம்.

வட்டத்துக்கு ‘க்யூபிகல்’ விருப்பம் தேவை. அதில் ஒரு வித்தியாசம் தடுமாற வைக்கும். பாதை வகையின் ஜே விதியை ரெஃப்ல்மேல் போட்டால் விடை தானாகச் சுருங்கி வராது. விடைக்குச் செல்லும் ஒரு பாதைதான் கிடைக்கும். முந்தைய கோப்பில் தானாக முடிந்த நிரூபணம் இங்கே கூடுதலாக ஒரு படி கேட்டால் காரணம் அதுதான்.

எண்களைப் பற்றிய கணக்கில் இவ்வளவு கவனம் தேவையில்லை. இரு உறுப்புகள் சமமா இல்லையா என்று தீர்மானிக்கும் முறை உள்ள எந்த வகையிலும் சமச் சான்றுகள் ஒன்றுக்கு மேல் இருக்காது என்பது மைக்கேல் ஹெட்பெர்க் 1998இல் வெளியிட்ட தேற்றம். 2 + 2 = 4 என்பதற்கு ஒரே சான்றுதான்; பள்ளிக் கணக்குக்கு எந்தச் சேதமும் இல்லை.

லீன் 4 இன்று பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. வழக்கமான இடவியலை, திறந்த கணங்களும் தொடர்ச்சியுமாக, கணினியில் எழுத அது அருமையான கருவி. ஆனால் அதில் சமம் என்பது சான்றுகளை வேறுபடுத்தாத கூற்றுகளின் உலகில் வைக்கப்பட்டுள்ளது, எந்த இரு சான்றும் வரையறையிலேயே ஒன்று. அந்தச் சமத்தோடு யூனிவேலன்ஸைச் சேர்த்தால் பொய்யை நிரூபித்துவிடலாம். ஆகவே இந்தக் கட்டுரையில் உள்ளவற்றைச் செய்துபார்க்க அக்டாவோ, முன்பு காக் என்று அழைக்கப்பட்ட ராக்கோதான் ஏற்றவை.